காது திரும்ப வரும் ஆராய்ச்சிக்குப் பணம் அனுப்பலாமா?

கேட்டவர்: குமுளிக்காரன்
வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 27 வருடம் இலையை நசுக்கிச் சுருட்டும் சிடிசி மிஷின் பக்கத்தில் நின்றவன் நான். காதில் பஞ்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு. இப்போது தகரக் கூரையில் மழை விழுந்தால் கேட்கிறது, சில்வண்டு கேட்பதில்லை. பேத்தி 'சாவி' என்றால் எனக்கு 'ஆவி'.

கிராஜுவிட்டி பணத்தில் 10,000 ரூபாயை அமெரிக்காவில் 1958 முதல் இருக்கும் ஹியரிங் ஹெல்த் ஃபவுண்டேஷனுக்கு அனுப்ப ஆசை. போன காதை மீட்கவென்றே 2011இல் தனித் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். "இந்த வயசுல உங்களுக்குக் காது முளைக்கப்போகுதாக்கும்" என்கிறான் மகன். எனக்கு முளைக்காது, தெரியும். அந்தக் காசால் யாருக்காவது ஏதாவது நடக்குமா?

பதில்: சித்தூர் ஆடியாலஜி
ஐயா, உட்காதில் சத்தத்தைப் பிடித்து நரம்புக்கு அனுப்பும் மயிர்ச்செல்கள் ஒரு பக்கத்துக்கு 15,000 சொச்சம்தான். சத்தம் தின்றுவிட்டால் மனிதருக்குப் போனது போனதுதான். கோழிக்கு அப்படியில்லை. செத்த செல்லுக்குப் பக்கத்திலிருக்கும் துணைச்செல்லே புது மயிர்ச்செல்லாகிவிடும். பறவைகளுக்கு இப்படி முளைப்பது 1988இல் ஆய்வுக் கட்டுரைகளாக வந்தது. அந்த வித்தையை நம் காதுக்குப் பழக்கத்தான் பாடுபடுகிறார்கள், இன்னும் படியவில்லை. ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ஊசிமருந்து 2023இல் பரிசோதனையில் தோற்றது.

ஷாங்காயில் மரபணு சிகிச்சையால் ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்டதாக 2024இல் சேதி வந்ததே, அது வேறு சங்கதி. அவர்களுக்குப் பிறவியிலேயே ஓடோஃப் மரபணுவில் பழுது. செல் உயிரோடு இருக்கும், நரம்புக்குச் சேதி போகாது. உங்களுக்குச் செல்லே போய்விட்டது. அனுப்புவதில் தப்பில்லை ஐயா, மெதுவாகத்தான் பலன் வரும்.

பதில்: கம்பம்மெட்டு
அண்ணே, வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடையாது, அது ஒன்று. அப்புறம், காது மிஷின் வைத்திருக்கிறீர்களா? அதைப் பற்றி மூச்சே விடவில்லையே.

குமுளிக்காரன்
இருக்கிறது தம்பி, மேசை டிராயரில். போட்டால் ஃபேன் சத்தமே ஃபேக்டரி மாதிரி இரைந்தது, மூன்றாம் நாளே கழற்றிவிட்டேன்.

கோழி விஷயம் இத்தனை நாள் தெரியாது. முற்றத்தில் ஒன்பது உருப்படி கிளறுகிறது, காலையிலிருந்து அதுகளின் காதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்குப் பின்னால் இறகுக்குள் சின்ன ஓட்டை, அவ்வளவுதான். சரி, 5,000 அந்த ஆராய்ச்சிக்கு. மீதியில் மிஷினை டியூன் பண்ணிப் பார்க்கிறேன். கட்டப்பனையில் பொறுமையாக உட்கார்ந்து செட் பண்ணித் தருகிறவர் யாராவது உண்டா?