‘ஸ்பிரிச்சுவல்’, ‘காஸ்பல்’: இரண்டுக்கும் தமிழ் என்ன?

நாஷ்வில்லிலிருந்து:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு நான் எழுதும் கட்டுரை, ‘ஸ்பிரிச்சுவல்’, ‘காஸ்பல்’ என்ற அமெரிக்கக் கறுப்பினக் கிறித்தவப் பாடல் வகைகள் இரண்டுக்கும் தமிழ்ச் சொற்கள் கிடைக்காமல் பாதியில் நிற்கிறது. மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

சென்ற ஞாயிறு மாலை, இங்கே அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் உள்ள ஒரு தேவாலயத்தில் கல்லூரிப் பாடகர் குழு ஒன்றும் அந்தச் சபையின் பாடகர் குழுவும் சேர்ந்து நடத்திய கச்சேரிக்குப் போயிருந்தேன். முற்பகுதியில் கல்லூரி மாணவர்கள் பக்கவாத்தியமே இல்லாமல் ஸ்பிரிச்சுவல் பாடினார்கள். சுருதிக் குழலை ஒருவர் மெல்ல ஊதியதும் நான்கு குரல் வகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. அவையில் யாரும் அசையவில்லை. பிற்பகுதியில் சபைக் குழுவினர் அங்கி அணிந்து, அசைந்தாடியபடியே நடுவழியில் வர, ஹேமண்ட் ஆர்கனும் டிரம்ஸும் முழங்கக் காஸ்பல் தொடங்கியது. நான் பழக்கதோஷத்தில் தாளத்தின் முதல் அடியிலேயே தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருந்த மூதாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் தட்டவைத்தார்.

இரண்டையும் ‘கிறித்தவப் பக்திப் பாடல்’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் என் கட்டுரைக்கே பொருளில்லை. முன்னது அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களிடையே பிறந்தது. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. 1871-இல் இதே ஊரின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் கல்லூரியைக் கடனிலிருந்து மீட்கப் பாடப் புறப்பட்ட பிறகுதான் வெளியுலகம் அதைப் பரவலாகக் கேட்டது. பின்னது இருபதாம் நூற்றாண்டு நகரச் சபைகளில் வளர்ந்தது. அதற்கு ஆசிரியர்கள் உண்டு. அவர்களில் முதன்மையான தாமஸ் டார்சி, ப்ளூஸ் பியானோ வாசித்துப் பெயர் பெற்றவர். 1932-இல் பிரசவத்தில் மனைவியையும் அடுத்துக் குழந்தையையும் இழந்த துயரத்தில் அவர் எழுதிய பாடல் இன்றும் பாடப்படுகிறது. ‘ஆன்மிகப் பாடல்’, ‘நற்செய்திப் பாடல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

மதுரையிலிருந்து:

‘ஆன்மிகம்’ வேண்டவே வேண்டாம். அது வடசொல் என்பது ஒருபுறமிருக்க, அதைக் கேட்டதும் வார இதழின் ராசிபலன் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ‘ஆவி’ தூய தமிழாயினும், ‘ஆவிப்பாடல்’ என்றால் மக்கள் பேயை நினைப்பார்கள், பசித்தவர்கள் இட்லியை நினைப்பார்கள். ஆகவே ‘உயிர்ப்பண்’ என்பதை முன்மொழிகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடகர் குழுவைக் குறிக்கும் ‘கோரஸ்’ என்ற கிரேக்கச் சொல் முதலில் வட்டமாக நின்று ஆடிப் பாடுவதையே குறித்தது. நம் குரவையும் அதுவே: கைகோத்து, வட்டமாக நின்று, பாடி ஆடுவது. ஆய்ச்சியர் குரவையை அறிந்த நமக்கு இவ்விரு சொற்களின் உறவு விளங்காமற் போகாது. ஸ்பிரிச்சுவல்களில் பல, அடிமைகள் வட்டமாகச் சுற்றிவந்து காலைத் தரையில் உரசியபடி பாடிய வழிபாட்டில் உருவானவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘விடுதலைக் குரவை’ என்றே பெயரிடலாம்.

தூத்துக்குடியிலிருந்து:

ஐயா அவர்களின் குரவை விளக்கம் படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து கிரேக்கத்துக்கும் மதுரைக்கும் சம்பந்தம் பேசி முடிக்க எனக்குத் துணிவில்லை. நாஷ்வில் தம்பிக்கு வேண்டிய சொல் நம் வீடுகளிலேயே இருக்கிறது. வேதாகமத்தின் எபேசியர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், ‘சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும்’ என்று வருகிறதல்லவா? ஆங்கில வேதத்தில் அந்த மூன்றாவது இடத்தில் நிற்கும் தொடரிலிருந்துதான் ‘ஸ்பிரிச்சுவல்’ என்ற பெயரே வந்தது. அதன் நேர்த் தமிழ் ஞானப்பாட்டு. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஞான’ என்பதை அறிவு என்ற பொருளில் மட்டும் ஆளவில்லை. ஞானஸ்நானம், ஞானபோஜனம், ஞானக்கன்மலை என்று ஆவிக்குரியவற்றுக்கெல்லாம் அதையே அடையாக வைத்தார்கள். பல தலைமுறை புழங்கிய சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

தரங்கம்பாடியிலிருந்து:

தூத்துக்குடி அம்மா சொன்னது சரி. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் லுத்தரன் சபையில் ‘ஞானப்பாட்டு’ என்றால் ஜெர்மானிய மெட்டில், மொழிபெயர்த்த வரிகளைப் பாடும் பாட்டு. பருத்திக் காட்டில் பிறந்த பாட்டுக்கும் அதே பெயரைக் கொடுத்தால் எங்களூர் வாசகர் ஆர்மோனியத்தைத்தான் கற்பனை செய்வார். கறுப்பின அமெரிக்க அறிஞர் டு பாய்ஸ் 1903-இல் வந்த தம் நூலின் இறுதி இயலில் இவற்றைத் துயரப் பாடல்கள் என்றே குறித்தார். ‘துயர்ப்பாட்டு’ என்றால் என்ன?

‘சுவிசேஷ இசை’ என்று மட்டும் யாரும் முன்மொழிந்துவிட வேண்டாம். சுவிசேஷக் கூட்டம் என்று சுவரொட்டி பார்த்துப் பழகியவர்கள், ஒலிபெருக்கி கட்டிய மைதானத்தைத்தான் நினைப்பார்கள்.

சென்னையிலிருந்து:

ஜாஸை ஜாஸ் என்றும் ப்ளூஸை ப்ளூஸ் என்றும் எழுதுகிறோம். யாருக்கும் குறை தெரியவில்லை. ஓர் இசை வகையின் பெயர் ஏறத்தாழ ஊர்ப்பெயரைப் போன்றது. இரண்டையும் ஒலிபெயர்த்துவிட்டு, முதல் பத்தியில் விளக்கம் கொடுத்தால் போதும். ‘உயிர்ப்பண்’ என்று கேட்டால், பண் என்ற சொல்லுக்காகத் தேவாரப் பண்களின் பட்டியலைப் புரட்டுவேனே தவிர, டென்னசி நினைவுக்கு வராது.

மதுரையிலிருந்து:

ஊர்ப்பெயர் என்று விட்டுவிட்டால் கலைச்சொல் ஆக்கத்துக்கென்று ஒரு குழு எதற்கு? துயர்ப்பாட்டையும் ஏற்க இயலவில்லை. துயரை மட்டும் பாடும் நம் கையறுநிலை, தலைவன் இறந்தபின் செயலற்று நிற்பது. இப்பாடல்களிலோ ஆற்றைக் கடக்கும் ஆசையும், தேர் வந்து அழைத்துப்போகும் நம்பிக்கையும் இருக்கின்றன. உயிர்ப்பண்ணை மீண்டும் வலியுறுத்துகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து:

நம்பிக்கை என்று ஐயாவே சொல்லிவிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபிஸ்க் மாணவர்களின் குழுவுக்கு ‘ஜூபிலி’ என்று பெயர் வைத்தார்கள். அது வேதாகமத்தின் லேவியராகமத்தில் வரும் யூபிலி வருஷம். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்தாரிடம் திரும்பிப்போகும் ஐம்பதாம் வருஷம். வேதத்திலிருந்து சொல்லெடுத்தவர்கள் அவர்கள். நாமும் அங்கிருந்தே எடுப்பதில் குற்றமில்லை. லுத்தரன் சபையாருக்குக் குழப்பம் வருமென்றால், முன்னால் ஓர் அடைமொழி போட்டுக்கொள்ளலாம்.

நாஷ்வில்லிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மலரின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, தலைப்பில் நான்கு சொற்களுக்கு மேல் இடமில்லை என்று சொல்லிவிட்டார். உள்ளே, முதல் இடத்தில் ‘கறுப்பின ஞானப்பாட்டு’ என்றும் அதன் பின் ‘ஞானப்பாட்டு’ என்றும் எழுதியிருக்கிறேன். ‘நற்செய்திப் பாடல்’ சொல்லுக்குச் சொல் சரிதான். பழைய ஆங்கிலத்தில் ‘காஸ்பல்’ என்ற சொல்லின் பொருளும் நல்ல செய்தியே. ஆயினும் என் மனைவி அதை வாசித்துவிட்டு, “இதென்ன, யாருக்காவது வேலை கிடைத்ததா?” என்று கேட்டதால், காஸ்பலைக் காஸ்பல் என்றே விட்டுவிட்டேன். சென்னை நண்பர் பாதியளவாவது மகிழ்வார் என்று நம்புகிறேன். தலைப்பு: ‘ஞானப்பாட்டும் காஸ்பலும் கேட்ட மாலை’.

மதுரையிலிருந்து:

ஒன்று வடசொல், மற்றொன்று ஆங்கிலம். என் மாற்றுக் கருத்தைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘மாலை’யாவது தமிழாக இருப்பதில் மகிழ்ச்சி. குரவை பற்றி விரிவாக அடுத்த மடலில் எழுதுகிறேன்.