பாதி டேங்க், மண் ஓரம், சிவப்பு சிக்னல்: தீயணைப்பு வண்டி ஓட்டுபவர்களின் அனுபவப் பகிர்வு

வாட்டர் டெண்டர் (தண்ணீர் டேங்க் உள்ள தீயணைப்பு வண்டி) ஓட்டுநர்

முழு டேங்கோடு போகும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். பாதித் தண்ணீரோடு திரும்பி வரும்போதுதான் அசந்துவிடுகிறார்கள். 4,500 லிட்டர் டேங்கில் பாதி என்றால் 2,250 கிலோ. முழு டேங்கில் தண்ணீர் அசைய இடம் கிடையாது. பாதி டேங்கில் அது ஓடும். பிரேக் மிதித்ததும் முன்சுவரில் போய் மோதி, வண்டி நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஒரு தள்ளு தள்ளும். சாலை ஈரமாக இருந்தால் அந்தத் தள்ளில் வண்டி நிறுத்தக்கோட்டைத் தாண்டிவிடும்.

அதைவிட மோசம் இரட்டை வளைவு. முதல் வளைவில் தண்ணீர் வெளிப்பக்கம் ஏறி நிற்கும். உடனே மறுபக்கம் ஒடித்தால், அது மொத்தமும் குறுக்கே ஓடிவந்து, வண்டி சாய்கிற அதே பக்கத்தில் மோதும். குடைசாய்வதற்கு இது போதும். முதல் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங்கை நேராக்கி, தண்ணீர் அடங்கிய பிறகு அடுத்த வளைவை எடுங்கள். வேகம் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் இருப்பது இந்த அலையை உடைக்கத்தான். ஆனால் பழைய டேங்கில் தகட்டின் வெல்டிங் விட்டிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. பிரேக் பிடித்தபின் உள்ளே ‘தடக்’ என்று ஏதாவது தட்டினால் டேங்கைக் காலி செய்து திறந்து பாருங்கள். நிலையத்துக்குத் திரும்பும் முன் முடிந்தால் டேங்கை நிரப்புங்கள். முடியாவிட்டால் முழுக்க இறக்கிவிடுங்கள்.

ஓட்டுநர் பயிற்றுநர்

இதோடு மண் ஓரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கும்போது ஓரத்துச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கிவிடும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே 10 செ.மீ. படி இருந்தாலே டயரின் பக்கச்சுவர் அந்த விளிம்பில் உரசிக்கொண்டு ஏற மறுக்கும். ஓட்டுநர் ஒடிப்பார், இன்னும் கொஞ்சம் ஒடிப்பார். டயர் திடீரென்று ஏறும்போது முன்சக்கரங்கள் நன்றாக ஒடிந்த நிலையில் இருப்பதால், வண்டி எதிர்த்தடத்துக்குப் பாயும். பதறிப்போய் மறுபக்கம் திருப்புவார். மேலே சொன்ன தண்ணீர் அப்போது குறுக்கே வரும்.

சக்கரம் இறங்கியதும் ஸ்டீயரிங்கை நேராக இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டாம்: தாரில் இருக்கும் சக்கரம் பிடிக்கும், மண்ணில் இருப்பது வழுக்கும், வண்டி ஒருபக்கமாக இழுக்கும். வேகம் 30 கி.மீ.க்குக் கீழே வரும்வரை இரண்டு சக்கரம் மண்ணிலேயே ஓடட்டும். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு நிதானமாக ஏற்றுங்கள். படி உயரமாக இருந்தால் முழுதாக நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். சில நொடிகள் வீணாகும், ஆகட்டும்.

பம்ப் ஆபரேட்டர்

சாலைச் சந்திப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி, அதற்குள் 25 மீட்டர். ஏர் பிரேக்கில் (காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்) காற்று சக்கரத்தருகே உள்ள சேம்பருக்குப் போய்ப் பிடிக்க இன்னும் அரை நொடி, அது 8 மீட்டர். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்னே 33 மீட்டர் போய்விட்டது.

எதிர்ப்பக்கம் ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, பாட்டும் ஓடும் காரில் சைரன் மங்கலாகத்தான் கேட்கும். மூலையில் கட்டடம் இருந்தால் சத்தம் மறைந்துவிடும், அல்லது எதிரொலித்து வேறு திசையிலிருந்து வருவதுபோல் தோன்றும். அதனால் 50 மீட்டர் முன்பே காலை எடுத்துப் பிரேக்கின் மேல் தயாராக வையுங்கள். சைரனை நீண்ட ஊளையிலிருந்து வேகமான துடிப்பு ஒலிக்கு மாற்றுங்கள். ஒலி மாறும்போதுதான் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சிவப்பு விழுந்திருந்தால் நிறுத்தக்கோட்டில் முழுதாக நிறுத்துங்கள். அப்புறம் ஒரு தடம், நின்று பார்த்து அடுத்த தடம் என்று கடந்து செல்லுங்கள். நமக்காக நின்ற பஸ்ஸுக்கு மறுபக்கத்திலிருந்துதான் பைக் பாய்ந்து வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் பக்கத்தைப் பார்த்து “காலி” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தலையாட்டினால் போதாது.

இரண்டு வண்டி சேர்ந்து போகும்போது பின்வண்டிக்குத்தான் அபாயம் அதிகம். ஒன்று போனதும் ஜனங்கள் எல்லாம் முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்கள். இரண்டும் வேறுவேறு ஒலியில் சைரன் போடட்டும், பின்வண்டியும் தன் பங்குக்கு நிற்கட்டும். வேறு திசைகளிலிருந்து ஒரே சந்திப்புக்கு வந்தால் அவரவர் காதில் அவரவர் சைரன்தான் விழும், எனவே ரேடியோவில் சொல்லிவிடுங்கள்.

அவசரத்துக்கு ஒரு கணக்கு: 5 கி.மீ. தூரத்தை 60-ல் போனால் 5 நிமிடம், 75-ல் போனால் 4 நிமிடம். கிடைப்பது ஒரு நிமிடம். வண்டி மோதும் சக்தியோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

எங்க வண்டில தண்ணி இல்ல, ஆனா பின்னாடி ஆள் நிக்கறாங்க. சி.பி.ஆர். (நெஞ்ச அழுத்திக் குடுக்கற முதலுதவி) குடுக்கறவங்க பெல்ட் போட முடியாத நேரம் வரும். அதனால முன்னாடியே குரல் குடுக்கணும்: “வளைவு”, “பிரேக்”, “ஸ்பீட் பிரேக்கர்”. ஸ்ட்ரெச்சர்ல தோள் பெல்ட்டை விட்டுட்டு இடுப்பு, கால் மட்டும் கட்டினா, சடன் பிரேக்குல நோயாளி தலைப்பக்கமா வழுக்கிப் போவார். கிளம்பறதுக்கு முன்னாடி ஆக்ஸிஜன் சிலிண்டர் பிடியில உக்கார்ந்திருக்கான்னு கையால ஆட்டிப் பாருங்க.

மெக்கானிக்

ஷிஃப்ட் மாறும்போது ஏர் பிரேக்கைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஏர் முழுதாக ஏற்றி, இன்ஜினை அணையுங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஏர் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.-க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பிறகு சாவியை மட்டும் ஆன் செய்து பெடலைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். 60 பி.எஸ்.ஐ. அளவில் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். தொடர்ந்தால் 45-க்கும் 20-க்கும் இடையில் பார்க்கிங் பிரேக் குமிழ் தானாக வெளியே வர வேண்டும்.

டயரில் சாலையைத் தொடும் பட்டை தேயாமல் அப்படியே இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தீயணைப்பு வண்டி ஓடுவது குறைவு, முழு எடையோடு நிற்பதுதான் அதிகம். ரப்பர் வயதாகிப் பக்கச்சுவர் வெடிக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 1911 தரநிலை 7 ஆண்டுக்கு ஒருமுறை டயரை மாற்றச் சொன்னது; அது இப்போது 1910 தரநிலையில் சேர்ந்துவிட்டது.

மழை தொடங்கியதும் ரிடார்டர் (பிரேக்குக்கு உதவியாக வேகத்தைக் குறைக்கும் கருவி) சுவிட்சை அணைத்துவிடுங்கள். அது இழுப்பது பின்சக்கரங்களை மட்டும். ஈரத்தில் அவை வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் வீசிவிடும்.