ஜோஜோபா எண்ணெய்: மூன்று மாதம் தப்பாகத் தேய்த்த பிறகு

இரண்டு வருடமாக ஜோஜோபா எண்ணெய் பயன்படுத்துகிறேன். அதில் முதல் மூன்று மாதம் வீண். அந்த மூன்று மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மண்டையில் எண்ணெய் வழியும், முடியின் நுனி மட்டும் வைக்கோல் மாதிரி காய்ந்து கிடக்கும். ஜோஜோபா நல்லது என்று கேள்விப்பட்டு வாங்கினேன். தேங்காய் எண்ணெய் வைத்த கை ஆயிற்றே, அதே அளவுக்கு உள்ளங்கை நிறைய ஊற்றி, தலை முழுக்கத் தேய்த்து, இரவெல்லாம் ஊறவிட்டேன். காலையில் இரண்டு தடவை ஷாம்பு போட்டும் பிசுக்கு போகவில்லை. முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டது. இப்படியே மூன்று மாதம் போராடிவிட்டு, நமக்கு இது ஆகாது என்று பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டேன்.

ஒரு குளிர்ந்த காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் எல்லாம் உறைந்து கிடந்தது. கலப்படம் என்றே நினைத்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஜோஜோபா உண்மையில் எண்ணெயே இல்லையாம், திரவமாக இருக்கிற மெழுகு. சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அறைச் சூட்டில் வைத்தால் தானாக இளகிவிடும். நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலும் கிட்டத்தட்ட கால் பங்கு இதே வகை மெழுகுதான். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஓரளவு இறங்கும். ஜோஜோபா பெரும்பாலும் மேலே மெல்லிய பூச்சாக நின்றுவிடும். பூச்சுக்கு எதற்கு உள்ளங்கை நிறைய? சில சொட்டு போதும்.

இப்போது தலை குளித்துத் துவட்டியதும், ஈரம் இருக்கும்போதே மூன்று நான்கு சொட்டை உள்ளங்கையில் பரப்பி, முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் நீவிவிடுகிறேன். மண்டைக்கு வாரம் ஒரு முறை, வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தொட்டு வைத்து, அரை மணி நேரத்தில் அலசிவிடுவேன். ஒரு விஷயம்: தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே எண்ணெய் இருக்கும் இடத்தில் ஷாம்புவைக் குழைத்துத் தடவினால் பிசுக்கு சீக்கிரம் விடுகிறது.

சிக்கு குறைந்தது, நுனி பட்டுப்போல இல்லாவிட்டாலும் உடையாமல் நிற்கிறது. முடி புதிதாக வளர்ந்ததா என்றால், இல்லை. காதுக்குப் பின்னால் செதில் செதிலாக உரிகிறது, வறட்சிதான் போல. அங்கேயும் தினம் ஒரு சொட்டு வைக்கிறேன்.

மறுமொழி

காதுக்குப் பின்னால் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. அப்புறம் புருவம், மூக்கோரம், மண்டை. வறட்சி என்று நினைத்து நானும் எண்ணெய் வைத்துக்கொண்டே இருந்தேன். வைத்ததும் செதில் படிந்துவிடும், குணமான மாதிரி தெரியும். இரண்டு நாளில் அரிப்பு முன்னைவிட அதிகமாகும். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது வறட்சி இல்லை, செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சி, மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு இதில் பங்கு உண்டு என்றார். பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு கொடுத்தார். வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசச் சொன்னார். ஒரு மாதத்தில் அடங்கியது. இப்போது ஜோஜோபா எனக்கு நுனிமுடிக்கு மட்டும்தான், மண்டைக்கு வைப்பதில்லை. நீங்களும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

மறுமொழி

எனக்குச் சுருள் முடி. ஜோஜோபாவால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை, அதில் கலந்ததால் வந்தது. டீ ட்ரீ எண்ணெயை அளவில்லாமல் அதில் விட்டு மண்டையில் தேய்த்து, எரிச்சலில் அன்றிரவு தூங்கவே இல்லை. வகிடு முழுக்கச் சிவந்துவிட்டது. வாசனை எண்ணெய்களை அப்படிக் கலக்காதீர்கள். ஜோஜோபாவையே தனியாக முழங்கையின் உள்பக்கம் தடவி, ஒரு நாள் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குக் கொண்டுபோங்கள். பொன்னிறமாக இருப்பது சுத்திகரிக்காதது, நிறமே இல்லாமல் இருப்பது சுத்திகரித்தது. நிறமில்லாததைப் போலி என்று தூக்கிப் போட வேண்டாம். மற்ற எண்ணெய்கள் போல இது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது என்பதும் எனக்குப் பிடித்த குணம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இது வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்துப் புதரின் விதையிலிருந்து வருவது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா எண்ணெய்த்திமிங்கல எண்ணெய் இறக்குமதியை நிறுத்தியபோது, அதற்கு மாற்றாகத்தான் இதைப் பெரிய அளவில் தேடிப் போனார்கள். இரண்டும் ஒரே மாதிரி மெழுகு. அதைப் படித்த நாளிலிருந்து இந்தப் புதரின் மேல் எனக்குத் தனி மரியாதை.

முதலில் எழுதியவர்

ரொம்ப நன்றி. உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், மூக்கோரமும் சிவந்துதான் இருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. காதுக்குப் பின்னால் வைப்பதை இன்றோடு நிறுத்துகிறேன். மருத்துவரிடம் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.