டெசிடபின் போட்டும் எம்எல்ஹெச்1 திறக்கவில்லை, அவசரம்

பிப்பெட்_பிடித்தவள்:
வணக்கம். புரொமோட்டரில் (ஜீனை இயக்கும் தொடக்கப் பகுதி) மெத்தில் ஏறி அடைபட்டுக் கிடக்கும், டிஎன்ஏ பிழை திருத்தும் எம்எல்ஹெச்1 ஜீனை, மெத்திலைக் குறைக்கும் டெசிடபின் மருந்து கொடுத்துத் திறக்கப் பார்க்கிறேன். மூன்று தடவை செய்தாயிற்று. எம்எஸ்பி (மெத்திலைக் கண்டறியும் பிசிஆர்) ஜெல்லில் மெத்தில் இல்லாததைக் காட்டும் யு பட்டை பளிச்சென்று இருக்கிறது, மெத்தில் உள்ளதைக் காட்டும் எம் பட்டை சுத்தமாக இல்லை, அதாவது மெத்தில் போய்விட்டது. ஆனால் புரதத்தைப் பார்க்கும் வெஸ்டர்னில் எம்எல்ஹெச்1 வரவேண்டிய 85 கிலோடால்டன் பக்கம் காலி, ஒப்பீட்டுக்கான ஆக்டின் மட்டும் தடியாக நிற்கிறது. வியாழக்கிழமை லேப் மீட்டிங். என்ன தப்பு?

செல்_வளர்ப்பவன்:
எந்தச் செல்? எவ்வளவு மருந்து? எத்தனை நாள்?

குளிர்பெட்டி:
மருந்து செத்திருக்கும், பந்தயம். தண்ணீரில் கரைத்த டெசிடபின் சீக்கிரம் சிதைந்துவிடும். தினமும் மீடியத்தை மாற்றி, புது மருந்து விட வேண்டும்.

ஹிஸ்டோன்_பைத்தியம்:
மெத்திலை மட்டும் எடுத்தால் போதாது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதமும் இறுகிக் கிடக்கும். அதைத் தளர்த்தும் ட்ரைக்கோஸ்டாட்டின் சேருங்கள். குறைந்த அளவு டெசிடபினுக்குப் பிறகு அதைக் கொடுத்தால் இதே ஜீன் நன்றாகத் திறக்கிறது என்று 1999-லேயே காட்டிவிட்டார்கள்.

மூத்த_ஜெல்:
மாதம் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டு வருகிறார். டெசிடபின் மெத்திலைச் சுரண்டி எடுக்கும் மருந்து என்று யார் சொல்லிக்கொடுத்தது? டிஎன்ஏ இரட்டிக்கும்போது அது சைட்டோசின் இடத்தில் போய் உட்காருகிறது. பழைய இழையைப் பார்த்துப் புது இழையில் மெத்தில் வைக்க வரும் டிஎன்எம்டி1 அதில் ஒட்டிக்கொண்டு மாட்டுகிறது. நொதி தீரத் தீர, ஒவ்வொரு பிரிவிலும் புது இழை வெறுமையாக வரும். செல் பிரியாமல் எதுவும் நடக்காது. செய்முறையைத் தொடுவதற்கு முன் இதையெல்லாம் படித்திருக்கலாம்.

பிப்பெட்_பிடித்தவள்:
சாரி, அவசரத்தில் விட்டுவிட்டேன். 5 மைக்ரோமோலார், ஒரே தடவை, 24 மணி நேரம். மருந்து அன்றைக்குத்தான் கரைத்தது.

செல்_வளர்ப்பவன்:
செல் எதுவென்று இன்னும் சொல்லவில்லை!!

பரவல்_பார்ப்பவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த மருந்து இந்தப் பூட்டு, அந்தப் பூட்டு என்று பார்க்காது, எல்லாவற்றையும் தளர்த்தும். புற்றுநோய்ப் பரவலுக்குக் கைகொடுக்கும் ஜீன்களும் சேர்ந்து திறந்தால்? கட்டிகளில் மெத்திலேற்றம் குறைந்திருப்பதைத்தான் ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் 1983-இல் முதலில் பார்த்தார்கள்.

ஹிஸ்டோன்_பைத்தியம்:
ஜீனோம் முழுக்கக் குறைவு, புரொமோட்டர் பக்கம் இருக்கும் சிபிஜி தீவுகளில் மட்டும் கூடுதல், இரண்டும் ஒரே செல்லில்தான். அவ்வளவு பயம் என்றால் 2006-இல் இதை மைலோடிஸ்பிளாசியா என்ற ரத்த நோய்க்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதித்திருப்பார்களா?

பரவல்_பார்ப்பவன்:
அது ரத்தம், திடக் கட்டி வேறு கதை. ஈ-கேடரினை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் செல்லோடு பிடித்துவைக்கும் கொக்கி அது. அந்த ஜீன் மெத்திலால் அடைபட்டால் செல் கழன்று கிளம்புகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் பல நேரம் ஈ-கேடரின் மறுபடி தலைகாட்டுகிறது. மியூட்டேஷனில் உடைந்த ஜீன் இப்படிப் போய்ப் போய் வராது. பரவலுக்கு மெத்திலேற்றம் தோதாக இருப்பதே இதனால்தான்.

மூத்த_ஜெல்:
மெத்தில்தான் ஆரம்பம் என்று யார் சொன்னது? ஸ்னெய்ல், செப்1 போன்ற புரதங்கள் முதலில் வந்து அமுக்குகின்றன, மெத்தில் பின்னால் வந்து தாழ்ப்பாள் போடுகிறது. இதை நான் இங்கே பழைய விவாதம் ஒன்றிலும் எழுதியிருக்கிறேன், தேடிப் பாருங்கள்.

பரவல்_பார்ப்பவன்:
பின்னால் வந்தாலும் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்தானே சார்.

பிப்பெட்_பிடித்தவள்:
செல் எச்சிடி116. பெருங்குடல் புற்றுநோய் செல், எம்எல்ஹெச்1 புரதம் கிடையாது என்று போட்டிருந்ததால் எடுத்தேன்.

பைசல்ஃபைட்_அக்கா:
அடடா. தங்கச்சி, அந்தச் செல்லில் எம்எல்ஹெச்1 மெத்திலால் அடைபடவே இல்லை. 252-ஆவது கோடானில் நிறுத்தக் குறி விழுந்த மியூட்டேஷன், புரதம் பாதியிலேயே அறுந்துபோகும். நல்ல நகல் வேண்டுமென்று 3-ஆம் குரோமோசோமையே வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்துப் பழுதை நீக்கிய எச்சிடி116 கூட உண்டு. நீங்கள் எவ்வளவு டெசிடபின் ஊற்றினாலும் உடைந்த வரிதான் படிக்கப்படும்.

உங்கள் ஜெல்லே இதைச் சொல்லியிருக்கும். மெத்தில் இருந்திருந்தால், 24 மணி நேரத்தில் செல் ஒரு தடவை பிரிந்திருக்கும், பழைய இழையில் மெத்தில் அப்படியே இருக்கும், எம் பட்டை மங்கலாம், முழுசாக மறையாது. மருந்து போடாத செல்லைப் பக்கத்துக் குழியில் ஓட்டினீர்களா? முழுக்க மெத்தில் ஏற்றிய டிஎன்ஏ ஒன்று? அது இல்லாமல் எம் ப்ரைமர் வேலை செய்கிறதா என்றுகூடத் தெரியாதே.

ஆர்கேஓ செல் எடுங்கள், அதில் உண்மையிலேயே மெத்தில்தான். 0.5 அல்லது 1 மைக்ரோமோலார், தினமும் புதிதாக, 4 நாள். எச்சிடி116-ஐ விட மனமில்லை என்றால் கட்டியைத் தடுக்கும் பி16 ஜீனைப் பாருங்கள்: அதில் ஒரு நகல் மியூட்டேஷனில் போயிற்று, நல்ல நகல் மெத்திலில் அடைபட்டிருக்கிறது.

பிப்பெட்_பிடித்தவள்:
ஐயோ. ஜெல் சீப்பில் குழி போதவில்லை என்று மருந்து போடாததை விட்டுவிட்டேன்.

குளிர்பெட்டி:
இருந்தாலும் மருந்தை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பிப்பெட்_பிடித்தவள்:
பக்கத்து லேபில் ஆர்கேஓ கிடைத்தது. 1 மைக்ரோமோலார், 4 நாள், பாதிச் செல் மிதந்துவிட்டது, ஆனால் பட்டை வந்தது! மங்கல்தான். மீட்டிங்கை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். நன்றி அக்கா.

பைசல்ஃபைட்_அக்கா:
நல்லது. இந்தத் தடவை மருந்து போடாத செல்லையும் ஓட்டினீர்கள்தானே?

செல்_வளர்ப்பவன்:
பத்து நாளாயிற்று, பதிலைக் காணோம்.