மூக்குத் தையலுக்கு மெழுகூட்டல்: கரடிப் பொம்மைக் கையேட்டுக்கான சொல்

அன்புடையீர், வணக்கம்.

குடியாத்தத்தில் கரடிப் பொம்மை தைக்கக் கற்றுத்தரும் அம்மையார் தம் கையேட்டுக்காக, பொம்மையின் மூக்குத் தையலில் மெழுகை உருக்கி இறக்கி வழவழப்பாக்கும் வேலைக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். அதற்கு மெழுகுப்பூச்சு, மெழுகேற்றல், மெருகுப்பூச்சு என மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. மூன்றையும் விட மெழுகூட்டல் என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். அகராதியைப் புரட்டுவதற்கு முன் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

கையால் செய்யும் டெடி பியரின் மூக்கு பெரும்பாலும் தையலால் ஆனது. ஸ்டைஃப் என்னும் ஜெர்மன் பொம்மை நிறுவனத்தின் தொடக்க காலத்துக் கரடிகள் சிலவற்றுக்குக் குட்டா பெர்ச்சா என்னும் இறுகிய மரப்பாலை அச்சில் வார்த்து மூக்கு வைத்தார்கள் என்றாலும், நூல் மூக்குதான் பின்னர் நிலைத்தது. பேர்ல் காட்டன் எனப்படும் முறுக்குள்ள பருத்தி நூலைக் கொண்டு, இழைக்கும் இழைக்கும் நடுவே துணி தெரியாதபடி நெருக்கமாகச் சாட்டின் தையல் போடுகிறார்கள். அந்தத் தையலின் மேல் தேன்மெழுகுக் கட்டியைத் தையல் ஓடும் திசையிலேயே அழுத்தித் தேய்த்து, முடி உலர்த்தும் கருவியின் வெப்பக்காற்றைச் சிறிது சிறிதாகக் காட்டினால், 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும் அந்த மெழுகு இழைகளின் இடுக்குகளுக்குள் இறங்கிவிடுகிறது. ஆறிய பிறகு பருத்தித் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடியும் மெழுகு தேய்த்து, மறுபடியும் வெப்பம் காட்டுகிறார்கள். ஓரிரு முறையோடு நிறுத்தினால் தையல் கோடுகள் தெரியும். நூல் மட்டும் பிசிறில்லாமல் இறுகியிருக்கும். தொடர்ந்து செய்துகொண்டே போனால் கோடுகள் மறைந்து, ஈரமான விலங்கு மூக்கைப் போன்ற வழவழப்பு வந்துவிடும். மூக்கைச் சுற்றியுள்ள ரோமத்தில் மெழுகு ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம் என்பதால், முகவாய்ப் பகுதியின் ரோமத்தை முதலிலேயே கத்தரித்து, மீதியைக் காகித ஒட்டுநாடாவால் மூடிக்கொள்வது வழக்கம். அங்கோரா ஆட்டு மயிரால் நெய்த மோஹேர் துணி இந்த வெப்பத்தைத் தாங்கும். செயற்கை ரோமத் துணியோ சுருண்டு கருகும் அபாயம் உடையது. கையேட்டில் இந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

இவ்வேலையில் உயிரான கட்டம் மெழுகு உருகி நூலுக்குள் இறங்கும் கட்டமே ஆகும். வெப்பம் காட்டாமல் வெறுமனே தேய்த்துவிட்டால் மெழுகு மேலேயே திட்டுத் திட்டாக நின்று, நாளடைவில் உதிர்ந்துவிடும். ஒரு பொருளை இன்னொன்றின் உள்ளே செல்லும்படி செய்வதைத் தமிழ் ஊட்டு என்ற வினையால் சொல்லிவந்திருக்கிறது. துணிக்குச் சாயம் ஊட்டுகிறோம். காலுக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டுவதாகப் பழைய நூல்கள் சொல்லும். ஆகவே மெழுகூட்டல் என்று எழுதும்போது, கற்றுக்கொள்பவர் வெப்பம் காட்டும் வேலையைத் தவறவிடாதபடி அச்சொல்லே நினைவூட்டிவிடும். பூச்சு என்பது அவ்வாறல்ல. வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியின் மண்பாண்டங்களில் சூளை வெப்பத்தால் உருகி மேலே படியும் கண்ணாடி போன்ற படலத்தைப் பூச்சு என்று சொல்வது முற்றிலும் சரி. அது பாண்டத்தின் மேல் தனிப் படலமாகவே நிற்கிறது. மெருகுப்பூச்சு என்ற பரிந்துரையை அந்தத் தொழிலுக்கு விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். உருக்கிய மெழுகைத் தூரிகையால் தடவும் முறை ஒன்றும் உண்டு. மெழுகு சட்டென ஆறிவிடுவதால் கட்டி கட்டியாக நிற்கும், பிறகு வெப்பம் காட்டிச் சமப்படுத்த வேண்டியிருக்கும். அந்த ஒரு முறைக்கு மட்டும் மெழுகு தடவல் என்று எளிமையாக எழுதினால் போதும்.

மெழுகேற்றல் என்பதை முன்வைத்த ஆம்பூர் நண்பரின் கருத்தை மதிக்கிறேன். உருவேற்றல், நிறமேற்றல் என்ற வழக்குகளின் வரிசையில் அது அழகாகவே அமைந்திருக்கிறது. ஆனால் இதே வேலையின் அடுத்த கட்டம் மெருகேற்றல். மெழுகேற்றல், மெருகேற்றல் என்ற இரு சொற்களும் ஒரே பத்தியில் வரிக்கு வரி வரும்போது, ஓரெழுத்து வேறுபாட்டைக் கண் எளிதாகத் தவறவிடும். அச்சுப் பிழை வந்தாலும் யாருக்கும் தெரியாது. கையில் பொம்மையை வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் கையேட்டைப் பார்ப்பவர், மெழுகு போட வேண்டிய இடத்தில் துணியால் தேய்க்கத் தொடங்கிவிடுவார். செயல்முறை விளக்கும் நூலில் இது சிறிய குறை அன்று. மெழுகூட்டல், மெருகேற்றல் என்று வைத்துக்கொண்டால் வினைப்பகுதியே வேறாகி, குழப்பத்துக்கு இடமிராது.

மூக்கை மெழுகுதல் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மெழுகுதல் மிகப் பழைய வினை. மெழுகிய இடத்தை மெழுக்கம் என்று பட்டினப்பாலை குறிக்கிறது. எனினும் இன்று அந்த வினையைக் கேட்டவுடன் நம் வட்டாரத்தில் எவருக்கும் சாணம் கரைத்துத் தரை மெழுகுவதே மனத்தில் தோன்றும். மெழுகு என்ற பொருள் அதில் கலந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எனவே அதைத் தவிர்ப்பதே நன்று.

தைப்பதற்கு முன்பே நூலை மெழுகுக் கட்டியின் மேல் இழுத்து எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் வேலை அறிந்தவர்களுக்கு மெழுகு நூல் புதிதன்று. மெழுகு நூல் என்றே எழுதலாம். இம்முறையில் நூல் சிக்காது, பிசிறு எழாது; ஆனால் வழவழப்பான மூக்கு கிடைக்காது. தைத்த பின் மெழுகூட்டுவதற்கு இது மாற்றாகாது என்பதைக் கையேடு தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊரின் வெயிலை முன்னிட்டு இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். தேன்மெழுகு உருகும் நிலையை எட்டுவதற்கு வெகு முன்பே, ஏறத்தாழ 35 டிகிரியிலிருந்தே, இளகத் தொடங்கிவிடுகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், தேன்மெழுகு மட்டும் ஊட்டிய மூக்கில் விரல் ரேகை பதியும், தூசியும் ஒட்டும். குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே பெயர்த்து எழுதினால் இந்த இடத்தில் நம்மவர்கள் ஏமாந்துபோவார்கள். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னௌபா மெழுகு 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும். செருப்புப் பாலிஷில் சேர்ப்பதும் அதுவே. தனியாகப் பயன்படுத்தினால் நொறுங்கும் தன்மையுடையது என்பதால், தேன்மெழுகில் சிறிதளவு கலந்து உருக்கிக்கொண்டால் மூக்கு இறுகி நிற்கும். இந்தக் கலவைக்கு வன்மெழுகு என்று பெயரிடலாம்.

மற்றொன்று, நாள்பட்ட தேன்மெழுகின் மேல் படியும் வெண்மையான மாவு போன்ற படலம். கறுப்பு மூக்கில் இது பளிச்சென்று தெரிவதால், பொம்மை பூஞ்சை பிடித்துவிட்டது என்று வாங்கியவர்கள் கவலைப்படுவார்கள். சற்றே வெப்பம் காட்டித் துடைத்தால் மறைந்துவிடும். சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம் அல்லவா? அதே வினையைக் கொண்டு மெழுகு பூத்தல் என்று வைத்தால், விளக்கம் இல்லாமலே எவருக்கும் புரியும். மெழுகூட்டலைவிடவும் இச்சொல்லின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இச்சொல்லைப் பதிவு செய்யும்போது தலைச்சொல்லாக மூக்கு மெழுகூட்டல் என்று சுருக்காமல், மூக்குத் தையலுக்கு மெழுகூட்டல் என்றே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போது நெகிழி மூக்கு பொருத்திய பொம்மைகளும் தைக்கப்படுகின்றன. அவற்றுக்கு இவ்வேலை பொருந்தாது. சூடேற்றிய கரண்டியின் முதுகால் மெழுகை வழித்துச் சமன்செய்யும் முறைக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் கிடைக்கவில்லை. தோல் பொருள்களின் ஓரங்களைச் சூட்டுக்கோலால் இழைத்து முடிக்கும் தொழிலாளர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்பதை ஆம்பூர் நண்பர் கேட்டறிந்து எழுதினால், அவர்கள் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து