பின் சீட்டில் பேஸ்மேக்கர் வைத்த அப்பா, டிக்கியில் 12 இஞ்ச் சப்வூஃபர்: பிரச்சினை வருமா?

மடிப்பாக்கம்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். என் ஹேட்ச்பேக் காரில் 12 இஞ்ச் சப்வூஃபரும் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) அதை ஓட்டும் ஆம்ப்பும் போட ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் பேசி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. இதற்கு நடுவில் அப்பாவுக்கு நாடித்துடிப்பு ரொம்பக் குறைந்து பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் காந்தத்தை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்ததிலிருந்து அம்மா ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பொம்மையைக்கூடக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். அப்பா பின் சீட்டில்தான் உட்காருவார், பெட்டி அதற்கு நேர் பின்னால் வரும். கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார், சித்தப்பா "கேன்சல் பண்ணு" என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாஸ்_பிரியன்:
ஆடியோ பக்கத்தை நான் சொல்கிறேன் தம்பி. ஸ்பீக்கர் காந்தத்தின் பலத்தில் பெரும்பகுதி வாய்ஸ் காயில் என்கிற கம்பிச் சுருள் ஆடுகிற அந்தச் சின்ன இடுக்குக்குள்ளேயே போய்விடும், அதற்காகத்தான் சுற்றிலும் இரும்புத் தட்டு வைக்கிறார்கள். வெளியே கசிவது கொஞ்சம்தான், அதுவும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் தூரம் இரண்டு மடங்காகும்போது எட்டில் ஒரு பங்காகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காந்தத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி, அப்புறம் பலகை, சீட்டின் முதுகுத் திண்டு, அதற்கப்புறம் அப்பாவின் உடம்பு. கருவி இருப்பதோ முன்பக்கம் காலர் எலும்புக்குக் கீழே, பெட்டியை விட உயரத்தில். எப்படியும் அரை மீட்டர் வந்துவிடும்.

என்னை நம்பவேண்டாம், நீங்களே அளக்கலாம். போனில் காந்தப்புலம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, காந்தம் உள்ள கவர் இருந்தால் கழற்றிவிட்டு, அப்பா உட்கார்ந்தால் நெஞ்சு வரும் இடத்தில் போனைப் பிடியுங்கள். சென்னையில் வெறும் பூமியின் காந்தமே 40 மைக்ரோடெஸ்லா வாக்கில் காட்டும், கார் தகடு அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். அங்கிருந்து எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

துடிப்பு_டெக்னீஷியன்:
பேஸ்மேக்கர் செக்கப் பக்கம் வேலை பார்க்கிறேன். கருவிக்குள் காந்தத்தை உணரும் ஒரு சென்சார் உண்டு, பழையவற்றில் ரீட் சுவிட்ச் என்கிற, காந்தம் பட்டால் மூடிக்கொள்ளும் சுவிட்ச். நாங்களே செக்கப்பில் வேண்டுமென்று காந்தம் வைத்துத்தான் பேட்டரி பார்ப்போம். பொதுவாக 10 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் இன்னொரு அலகு), அதாவது 1000 மைக்ரோடெஸ்லா அளவில் அது விழித்துக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. அறை வாசலில் எச்சரிக்கைக் கோட்டை 5 காஸில் போடும் வழக்கம் அதற்கும் கீழேயே இருக்கட்டும் என்றுதான். ஆகவே நண்பர் சொன்ன ஆப்பில் 500-ஐத் தாண்டாமல் இருந்தால் கவலையே இல்லை.

தாண்டினாலும் கருவி நின்றுவிடாது. இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிக்கவைக்கும், மெட்ரானிக் கம்பெனிக் கருவி என்றால் நிமிடத்துக்கு 85, பாஸ்டன் சயின்டிஃபிக் கம்பெனி என்றால் 100. காந்தம் விலகினால் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஒன்று, அப்பாவுக்கு வைத்தது வெறும் பேஸ்மேக்கரா, ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி.யா என்று அவர் கார்டைப் பாருங்கள். ஐ.சி.டி. என்றால் காந்தம் அருகில் இருக்கும் நேரம் முழுக்க ஷாக் கொடுக்காமல் இருந்துவிடும், அது விளையாட்டில்லை.

உண்மையான ஆபத்து பயணத்தில் இல்லை, பெட்டியைத் தூக்குவதில்தான். ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் காந்தம் கருவிக்கு இரண்டு விரல் தூரத்தில் வந்துவிடும். அப்பாவைத் தொடவிடாதீர்கள். பொதுவான விதி காந்தம் உள்ள எதுவும் 15 செ.மீ. தள்ளி இருக்கவேண்டும் என்பது, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டி நெஞ்சில் தொங்கவிடுவதும் இதில் சேரும்.

மடிப்பாக்கம்காரன்:
நன்றி சார், கார்டில் பேஸ்மேக்கர் என்றுதான் இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். ஊருக்குப் போகும்போது அப்பா பின் சீட்டில் படுத்துக்கொள்வார், அப்போது தூரம் குறையுமே? அப்புறம், பேஸ் அதிர்வு கருவியைப் பாதிக்குமா? ஆம்ப்புக்குப் போகிற தடி ஒயர்?

துடிப்பு_டெக்னீஷியன்:
படுத்தால் குறையும், அதனால் அந்த இடத்திலும் போனை வைத்துப் பாருங்கள். எண் ஏறினால் பெட்டியை அவர் கால் வரும் பக்கத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஒயரில் 50 ஆம்பியர் ஓடினாலும் 30 செ.மீ. தள்ளி பூமியின் காந்தத்தை விடக் குறைவுதான். அதிர்வு: நடந்தால் துடிப்பைக் கூட்டும் சென்சார் ஆன் ஆகியிருந்தால், குண்டும் குழியுமான ரோட்டில் நாடி கொஞ்சம் ஏறலாம், பேஸை விட நம் ரோடுதான் அதற்குக் காரணமாக இருக்கும். படபடப்பு என்றால் செக்கப்பில் சொல்லுங்கள், செட்டிங் மாற்றுவார்கள்.

நாடி_பிடித்தவன்:
நானும் பேஸ்மேக்கர்க்காரன்தான் தம்பி. ஸ்பீக்கருக்குப் பயப்படும் நேரத்தில் கார் கையேட்டைப் புரட்டுங்கள். சாவி போடாமல் திறக்கும் கார் என்றால் அதன் ஆன்டெனாவிலிருந்து தள்ளி இருக்கச் சொல்லி எச்சரிக்கை இருக்கும், ஜப்பானில் 22 செ.மீ. என்பார்கள். என்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து அப்பா குனிந்து பார்க்கவும் கூடாது, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் அங்கேதான் இருக்கிறது. எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை சீட் பெல்ட். நம் ஊரில் முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்தால் பட்டை இடது தோளில் நேராகக் கருவிமேல் உரசும். ஒரு சின்னக் கைத்துண்டை மடித்து நடுவில் வைத்துக்கொள்வேன், பெல்ட்டைப் போடாமல் மட்டும் விடமாட்டேன். பின் சீட்டில் என்றால் டிரைவருக்குப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள், பட்டை வலது தோளில் வரும்.

மடிப்பாக்கம்காரன்:
சரி அண்ணா. சனிக்கிழமை கடையில் பெட்டியைப் பொருத்தும்போதே போனை வைத்து அளந்து, எண்ணை இங்கே போடுகிறேன்.