கலைச்சொல் விவாதம்: நாற்குழல் கார்புரேட்டரின் ‘செகண்டரி’ துணைக்குழலா, பிற்குழலா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார்களின் பராமரிப்பைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் சென்ற வாரம் கேட்ட கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வந்துள்ளன. எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரின் நான்கு குழல் கொண்ட வகையில் ‘பிரைமரி’, ‘செகண்டரி’ என்று வழங்கும் இரு பக்கங்களுக்கும் ‘முதன்மைக்குழல், துணைக்குழல்’ என்று ஒருவரும், ‘சிறுகுழல், பெருங்குழல்’ என்று மற்றொருவரும், ‘முதல்நிலைக் குழல், இரண்டாம்நிலைக் குழல்’ என்று மூன்றாமவரும் பரிந்துரைத்திருக்கிறார்கள். மூன்றையும் விடுத்து ‘முற்குழல், பிற்குழல்’ என்ற இணையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். அந்தப் பக்கம் எப்படி இயங்குகிறது, அதை எப்படிச் சீர்செய்வது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால் மடல் சற்று நீளும். பொருந்தாத பெயர் கையைத் தவறான திருகாணிக்கு இட்டுச் செல்லும் என்பதை நானே பட்டறிந்திருக்கிறேன்.

முதலில் ‘பேரல்’ என்பதை முடித்துவிடுவோம். நண்பரின் வரைவில் ஓரிடத்தில் ‘நான்கு பீப்பாய்’ என்று வந்திருக்கிறது. எண்ணெய் அடைக்கும் பீப்பாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை; இது காற்று கடந்து போகும் துளை. இரட்டைக்குழல் துப்பாக்கி என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதே குழல்தான் இங்கும் பொருந்தும். எனவே நாற்குழல் கார்புரேட்டர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ‘கார்புரேட்டர்’ என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிடலாம். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லை மாற்றுவதைவிட, தெரியாத உறுப்புகளுக்குப் பெயர் வைப்பதே அவசரமான பணி.

1952ஆம் ஆண்டு மாடல்களில் பியூக், கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் ஆகிய கார்களில் நாற்குழல் கார்புரேட்டர் வந்தபோது, அது தீர்த்து வைத்த சிக்கல் எளிமையானது. பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்கு முழு வேகத்தில் மிகுந்த காற்று தேவை. ஆனால் அத்தனை காற்றுக்கும் ஏற்ற அகலமான குழலை எப்போதும் திறந்து வைத்தால், மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோலை உறிஞ்சி நன்கு கலக்கும் ஆற்றல் போய்விடும். ஆகவே அன்றாட ஓட்டத்துக்கு இரண்டு குழல்கள், மிதியை ஆழமாக அழுத்தும்போது மட்டும் மேலும் இரண்டு என்று பிரித்தார்கள். இங்கே ஒரு பக்கம் தலைமை, மறுபக்கம் உதவி என்ற உறவு இல்லை என்பதையும், ஒன்று முன்னே திறக்கிறது, மற்றது பின்னே திறக்கிறது என்பதே வேறுபாடு என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

> ‘செகண்டரி’ என்றாலே துணை என்றுதானே பொருள்? துணைக்குழல் போதாதா?

போதாது என்பதற்குக் குவாட்ராஜெட்டே சான்று. ரோச்செஸ்டர் நிறுவனம் 1965இல் கொண்டு வந்து, ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1980களின் இறுதிவரை பொருத்தப்பட்ட இந்தக் கார்புரேட்டரில், முன்னே திறக்கும் குழலின் வாய் 1 3/8 அங்குலம், பின்னே திறக்கும் குழலின் வாய் 2 1/4 அங்குலம். நம் பழைய கணக்கில் சொன்னால், ஒன்றே காலே அரைக்கால் அங்குலத்துக்கு எதிரே இரண்டே கால் அங்குலம். பரப்பில் பார்த்தால் பின்னது முன்னதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். நிமிடத்துக்கு 750 கன அடி காற்றை விடக்கூடிய அந்தக் கருவியில் பெரும்பங்கைச் சுமக்கும் வாயைத் ‘துணை’ என்று அழைத்தால், படிக்கிறவர் மனத்தில் அது ஓர் ஒட்டுறுப்பாகவே பதியும்.

அப்படியானால் பெருங்குழல் சரியா என்றால், ஹோலி நிறுவனத்தின் கார்புரேட்டர் குறுக்கே நிற்கிறது. 1957இல் ஃபோர்டு தண்டர்பேர்டில் அறிமுகமான 4150 வரிசையிலும், அதைத் தொடர்ந்து வந்த 4160 வரிசையிலும் பெரும்பாலானவற்றில் நான்கு வாய்களும் ஒரே அளவு. அங்கே பெருங்குழல் எது என்று கேட்டால் விடை இல்லை. ‘இரண்டாம்நிலை’ பிழையன்று, ஆனால் மின்மாற்றிச் சுருளுக்கும் பள்ளிக் கல்விக்கும் அதே சொல்லை வைத்திருக்கிறோம், ‘இரண்டாம்நிலைக் குழலின் காற்று வால்வின் சுருள்வில்லின் முறுக்கு’ என்று ஒரு தொடர் எழுதிப் பார்த்தால் நாக்கும் கண்ணும் ஒருங்கே களைத்துவிடுகின்றன.

முற்பகல், பிற்பகல், முற்காலம், பிற்காலம் என்னும் வழக்குகளைப் பின்பற்றியதே முற்குழல், பிற்குழல். தமிழில் முன், பின் இரண்டும் காலத்தையும் இடத்தையும் ஒருசேரக் குறிப்பவை. இந்த அமெரிக்க வி-8 (V வடிவில் அமைந்த எட்டுச் சிலிண்டர்) கார்களில் வழக்கமாகக் கார்புரேட்டர் பொருத்தப்படும் முறையில், முன்னே திறக்கும் இரண்டு குழல்கள் காரின் முகப்புப் பக்கமும், பின்னே திறக்கும் இரண்டும் அதற்குப் பின்னால், ஓட்டுநர் இருக்கையை நோக்கிய பக்கமும் அமைகின்றன. ஒரே சொல் இரண்டு உண்மைகளையும் சொல்லிவிடுவதை நான் பெரும்பேறாகவே கருதுகிறேன். வெபர் 32/36 போன்ற இருகுழல் கருவிகளில் 32 மி.மீ. குழலும் 36 மி.மீ. குழலும் அருகருகே இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கக்கூடும். அங்கே இடப்பொருள் விலகினாலும் காலப்பொருள் நிற்கிறது. 32 முன்னே திறக்கும், 36 பின்னே திறக்கும்.

இனி, இந்தச் சொல் எப்படி என் கையைத் திருத்தியது என்பதைச் சொல்கிறேன். என்னிடம் 1970ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம் ஒன்று இருக்கிறது; 350 கன அங்குல எஞ்சின், குவாட்ராஜெட் கார்புரேட்டர். மெல்ல மிதித்தால் வண்டி பட்டுப்போல் போகும். நெடுஞ்சாலையில் சேரும்போது ஒரே மூச்சில் மிதியை அழுத்தினால் எஞ்சின் ஒரு கணம் செத்து, பிறகு உயிர்பெற்றுப் பாயும். தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் ‘வண்டி திணறுது’ என்று சொல்வது இதைத்தான்; ஆங்கிலத்தில் ‘பாக்’ (bog) என்பதற்குத் ‘திணறல்’ என்றே வைத்துக்கொள்ளலாம், புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை.

துணைப்பக்கம் என்றே அன்று என் மனத்தில் பதிந்திருந்ததால், துணை செய்ய வேண்டிய பக்கம் போதுமான பெட்ரோலைத் தரவில்லை என்று முடிவு செய்தேன். பிற்குழலின் பெட்ரோல் துளைகளில் தொங்கும் கூம்பிய ஊசிகளைக் கழற்றி, மெலிந்த முனை கொண்ட வேறு ஊசிகளை மாட்டினேன். முனை மெலிந்தால் துளையில் இடைவெளி கூடும், பெட்ரோல் மிகும். பின்னால் கரும்புகை வந்தது. திணறல் அப்படியே இருந்தது.

உண்மையில் அங்கே குறை பெட்ரோலின் அளவில் இல்லை, திறக்கும் காலத்தில் இருந்தது. குவாட்ராஜெட்டின் பிற்குழலில் இரண்டு தடைகள் உண்டு. கீழே உள்ள, குழலைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு ஓட்டுநரின் காலுக்குக் கட்டுப்பட்டது. முற்குழல் பாதிக்கு மேல் திறந்த பிறகு நெம்புகள் அதைத் திறக்கின்றன. மேலே உள்ள மற்றொரு தகடு யாருடைய காலுக்கும் கட்டுப்பட்டதன்று. எஞ்சின் இழுக்கும் காற்றின் விசை, ஒரு சுருள்வில்லை எதிர்த்து அதைத் திறக்க வேண்டும். அது திறக்கத் திறக்க, அதன் அச்சிலுள்ள ஒரு புடைப்பு ஊசிகளை மேலே தூக்கி, காற்றுக்கேற்ற பெட்ரோலை விடுகிறது. ‘ஏர் வால்வ்’ என்னும் இந்த மேல்தகட்டுக்குக் ‘காற்றிதழ்’ என்றும், ஊசிக்கு ‘அளவூசி’ என்றும் பெயரிடலாம். மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் இதே வேலையைச் செய்யும் உறுப்பை நம் பட்டறைகளில் ‘நீடில்’ என்றே சொல்கிறார்கள், எனவே ஊசி அந்நியமாக இராது.

காற்றிதழ் சட்டென்று திறந்துகொண்டால் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, அது எழுந்து வருவதற்குள் கலவை மெலிந்து எஞ்சின் திணறும். சுருள்வில் மிகவும் இறுகியிருந்தால் காற்றிதழ் தயங்கித் தயங்கித் திறக்கும், முழுமையாகத் திறக்காமலும் போகலாம். அப்போது எஞ்சின் திணறாது, ஆனால் மேட்டில் சுமையுடன் ஏறுவதுபோல் முக்கும். திணறல், முக்கல் என்னும் இரண்டையும் வேறுவேறு நோய்க்குறிகளாகப் பிரித்து எழுதுமாறு நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது.

‘ஸ்பிரிங் வைண்டப்’ என்பதற்கு ‘முறுக்கேற்றம்’ இயல்பாகவே பொருந்துகிறது. சிறிய ஆலன் சாவியால் பூட்டுத்திருகை நெகிழ்த்தி, வில்லின் திருகாணியை முழுதும் தளரவிட்டு, காற்றிதழ் மெல்ல மூடிக்கொள்ளும் இடம்வரை திருப்ப வேண்டும். அதுவே சுழி. அங்கிருந்து எவ்வளவு கூடுதலாகத் திருப்புகிறோமோ அதுதான் முறுக்கேற்றம். பட்டியல்களில் 1/2, 5/8, 3/4, 7/8 என்று சுற்றின் பின்னங்களாகவே இது கொடுக்கப்பட்டிருக்கும். அரை, அரையே அரைக்கால், முக்கால், முக்காலே அரைக்கால் என்று தமிழில் படித்தால் ஒவ்வொரு படியும் அரைக்கால் சுற்று என்பது தானாகவே விளங்கிவிடுகிறது. சோதித்துப் பார்க்கும்போதும் ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் மாற்றாமலிருப்பது நல்லது. வழக்கொழிந்துவிட்டதாக நாம் எண்ணிய வாய்பாடு இந்த இடத்தில் இவ்வளவு பொருத்தமாக வந்து அமர்ந்தது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது.

நான் பழைய ஊசிகளைத் திரும்ப மாட்டிவிட்டு, முறுக்கேற்றத்தை அரையே அரைக்காலிலிருந்து ஒன்றேகால்வரை கொண்டு போனேன். திணறல் குறைந்தது, ஆனால் வண்டி முக்கியது. பிறகுதான் ‘டாஷ்பாட்’ என்னும் தணிப்பியைப் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் சோக் அருகே உள்ள ஒரு சிறிய டயாஃப்ரம் (வளையும் சவ்வு), ஒரு கம்பியின் வழியே காற்றிதழைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிதியை முழுதும் அழுத்தும்போது எஞ்சினின் வெற்றிடம் விழுந்துவிட, டயாஃப்ரம் தன் நுண்துளை வழியே மெல்ல மூச்சுவிட்டுப் பிடியைத் தளர்த்துகிறது. அதனால் காற்றிதழ் அறைந்து திறக்காமல் நிதானமாகத் திறக்கிறது. தானாக மூடும் கதவில் பொருத்தியிருக்கும் எண்ணெய்க் கருவி கதவு அறையாமல் காப்பதைப் போன்ற வேலை இது. என் வண்டியில் அந்த டயாஃப்ரம் கிழிந்திருந்தது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் தண்டு உள்ளே போய் அப்படியே நிற்க வேண்டும். அது அசையவே இல்லை. அதை மாற்றி, முறுக்கேற்றத்தைப் பழைய அரையே அரைக்காலில் வைத்ததும் திணறலும் முக்கலும் ஒன்றாகவே நீங்கின.

ஹோலியின் பிற்குழல் வேறுவகை. அதில் காற்றிதழ் கிடையாது. த்ராட்டில் தகட்டையே ஒரு வெற்றிட டயாஃப்ரம் திறக்கிறது, எதிர்த்து நிற்கும் வில்லை மாற்றியே திறக்கும் காலத்தை மாற்றுகிறோம். வெள்ளை வில் மிக மெல்லியது, கறுப்பு வில் மிகக் கடியது. வெற்றிடச் செல்வழியிலுள்ள சிறு குண்டை, விரைவாகத் திறக்கட்டும் என்று சிலர் எடுத்தெறிந்துவிடுகிறார்கள். அது இருப்பதே விரைவைத் தணிக்கத்தான், ஆகவே அதைத் தொடக்கூடாது. இங்கே ஒரு சொற்குழப்பத்துக்கு வாய்ப்பு உண்டு. குவாட்ராஜெட்டின் தணிப்பியை ஆளும் வெற்றிடம், எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் கிளைக்குழாயிலிருந்து வருவது; மிதியை அழுத்தினால் அது குறையும். ஹோலியின் டயாஃப்ரத்தை இழுக்கும் வெற்றிடம், குழலின் இடுங்கிய பகுதியிலிருந்து வருவது. காற்றின் வேகம் கூடக் கூட அது மிகும். இரண்டையும் வெறுமனே ‘வெற்றிடம்’ என்று எழுதினால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘கிளைக்குழாய் வெற்றிடம்’, ‘ஒடுக்கு வெற்றிடம்’ என்று எப்போதும் அடைமொழியோடு எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். ‘வெஞ்சுரி’ என்பதற்கு ஒடுக்கு என்ற சொல்லைத் தற்காலிகமாகவே பயன்படுத்துகிறேன். இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்ளத் தயங்கமாட்டேன்.

கலவையின் ‘ரிச்’, ‘லீன்’ நிலைகளுக்குச் செறிந்த கலவை, மெலிந்த கலவை என்பன முன்னரே இக்குழுமத்தில் ஏற்கப்பட்டவை. ‘டியூனிங்’ என்பதற்கு ஒரு நண்பர் சொன்ன ‘சுருதி சேர்த்தல்’ கேட்க இனிமையாக இருந்தாலும், அரைக்கால் சுற்றும் ஊசி மாற்றமுமான இந்த வேலைக்கு ‘நுண்ணமைத்தல்’ என்பதே நேராகப் பொருந்துகிறது.

எனக்கு இன்னும் பெயர் அமையாத உறுப்பு ஒன்று உண்டு. எஞ்சின் குளிர்ந்திருந்து, சோக் மூடியிருக்கும்வரை, பிற்குழலைத் திறக்கவிடாமல் ஒரு சிறு நெம்பு பிடித்து வைத்திருக்கிறது. சோக் முழுதும் திறந்த பிறகு அது தானாக விலகிவிடும். அது விலகாமல் சிக்கிக்கொண்டால் பிற்குழல் ஒருபோதும் திறக்காது, ஓட்டுநரும் தன் வண்டியின் இயல்பே அவ்வளவுதான் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் ஓட்டுவார். ‘பூட்டுநெம்பு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் பூட்டைத் திறப்பவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது தருகிறது. நேரம் வந்ததும் தானே விலகும் தடையைக் குறிக்க உழவிலோ, நெசவிலோ, ஏற்றத்திலோ, மதகிலோ வழங்கும் சொல் எவருக்கேனும் தெரிந்திருந்தால் அதன் பயன்பாட்டோடு எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
கட்லஸ்காரர்